கட்டி வைக்கும் செடியும் நட்டு வைக்கும் செடியும்

மீன்தொட்டிக்கு முதன்முறையாக உயிருள்ள செடி வாங்கப் போகிறவரிடம் அனுபவமுள்ளவர்கள் சொல்லும் பெயர்களில் இரண்டு தவறாமல் இருக்கும்: அனுபியாஸ் நானா, கிரிப்டோகோரைன் வென்ட்டி. இரண்டுக்கும் பெரிய விளக்கு வேண்டாம், கரியமில வாயு சிலிண்டர் வேண்டாம், வாராவாரம் கத்தரிக்கவும் வேண்டாம். அதனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ‘ஈஸியான செடி, தைரியமா எடுத்துட்டுப் போங்க’ என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். இப்படிச் சேர்த்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அனுபியாஸ் எதையும் தாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். கிரிப்டோகோரைன் விழுந்து எழும். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்குகிறவர்கள் முதலாவதைப் புதைத்தே கொன்றுவிடுகிறார்கள். இரண்டாவதை, அது உயிரோடு இருக்கும்போதே பிடுங்கிக் குப்பையில் போடுகிறார்கள்.

பார்க்க ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம். சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் சேர்ந்த அதே சேம்புக் குடும்பம். கருணைக்கிழங்கை அரியும்போது கையும், சரியாக வேகாவிட்டால் நாக்கும் அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இந்த நீர்ச்செடிகளிலும் உண்டு. பச்சையாக எதைப் போட்டாலும் கொறித்துத் தீர்க்கும் கோல்டுஃபிஷ்கூட அனுபியாஸ் இலையைப் பெரும்பாலும் தொடாமல் விடுவதற்கு இந்தப் படிகங்களும், தோல் போலத் தடித்த அந்த இலையும் காரணம். செடியை வெட்டிப் பிரிக்கும்போது சிலருக்குக் கை லேசாக அரிக்கலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், கையைக் கழுவினால் போதும்.

அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்காவையும் நடு ஆப்பிரிக்காவையும் சேர்ந்தது. 1857இல் நைஜர் ஆற்றுப் பயணக் குழுவோடு போய், 1859இல் அங்கேயே இறந்துபோன சார்லஸ் பார்ட்டர் என்ற தாவரச் சேகரிப்பாளரின் பெயரைத்தான் அனுபியாஸ் பார்ட்டெரி தாங்கி நிற்கிறது. நாம் தொட்டியில் வைக்கும் நானா அதன் குள்ள வகை, கேமரூனிலிருந்து வந்தது. அதை 1899இல் எங்லர் தனி இனமாக விவரித்தார். 1979இல் அனுபியாஸ் பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்த டச்சுக்காரர் விம் க்ரூசியோ, அது பார்ட்டெரியின் ஒரு வகைதான் என்று முடிவு கட்டினார்.

கிரிப்டோகோரைன் வென்ட்டி நமக்குப் பக்கத்துச் செடி. இயற்கையில் அது இலங்கையில் மட்டுமே வளர்கிறது. வடமேற்கு இலங்கையின் ஆற்றுப் பகுதிகள் அதற்குத் தாயகம். புத்தளம் பக்கம் ஓடும் மீ ஓயா ஆற்றின் பெயரிலேயே செம்பழுப்பு இலை கொண்ட ஒரு வகை உலகமெங்கும் விற்பனையாகிறது. 1958இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த டி விட்டும் டச்சுக்காரர். நீர்ச்செடிகளைப் பற்றி எழுதிய ஜெர்மானியர் ஆல்பர்ட் வென்ட்டின் பெயரைச் சூட்டினார். இந்தப் பேரினத்தின் இன்னொரு செடியான கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ் தென்னிந்திய ஓடைகளிலும் வயலோரங்களிலும் வளர்கிறது. அதன் கிழங்குதான் நாட்டு மருந்தில் நாட்டு அதிவிடயம் என்று வழங்குவது. சித்த மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த ஒரு செடியின் உறவுக்காரிதான் டென்மார்க்கின் நீர்ச்செடி ஆய்வகக் குப்பிகளிலும் நம்மூர் வண்ணமீன் கடைகளிலும் உட்கார்ந்திருக்கிறது.

பிறந்த இடத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டையும் வளர்க்கும் முறை முழுவதும் அந்த இடத்திலிருந்து வருகிறது.

அனுபியாஸ் காட்டு ஓடைகளின் கரையில், மர நிழலில், பாறை மீதும் விழுந்து கிடக்கும் மரங்களின் மீதும் பற்றிப் படர்கிறது. வேரின் முதல் வேலை பிடித்துக்கொள்வது. விரல் பருமனில் கிடைமட்டமாக ஊரும் மட்டத்தண்டுதான் செடியின் உயிர். இலை அதிலிருந்து மேலே வருகிறது, வேர் கீழே இறங்குகிறது, தண்டின் நுனி ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகிறது. அந்தத் தண்டு ஓடும் நீரிலும் காற்றிலும் திறந்து கிடந்தே பழகியது. அதை மணலுக்குள் புதைத்தால் காற்றோட்டமில்லாமல் அழுகும். அனுபியாஸ் சாவதற்கு முதற்காரணம் இதுதான். விற்கும்போது அது சிறிய தொட்டியில், பாறைப் பஞ்சில் செருகிய நிலையில் வருவதால், வாங்கியவர் அதை அப்படியே மணலில் நடுவது இயல்பு. யாரும் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

செய்ய வேண்டியது இது. பஞ்சை முழுவதும் எடுத்துவிட்டு, தண்டை ஒரு கல்லின் மீதோ டிரிஃப்ட்வுட் மீதோ வைத்துப் பருத்தி நூலால் கட்டுங்கள். நூல் இற்றுப் போவதற்குள் வேர் பிடித்திருக்கும். கட்ட வசதியில்லாத இடத்தில் ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசையை இரண்டு சொட்டு வைத்து ஒட்டலாம். இறுகிய பிறகு அது மீனுக்குக் கெடுதல் செய்வதில்லை. வேரின் நுனி மணலுக்குள் போனால் போகட்டும், தண்டு மட்டும் வெளியே இருக்க வேண்டும்.

கிரிப்ட் என்று சுருக்கி அழைக்கப்படும் கிரிப்டோகோரைனுக்கு இதெல்லாம் தலைகீழ். இலங்கையின் ஆறுகளும் ஓடைகளும் பருவமழைக்கு நிறைந்து, கோடைக்கு வற்றுபவை. சில மாதம் செடி முழுக்க நீருக்குள்; சில மாதம் ஈர மண்ணில் இலை காற்றில். நிலைத்திருப்பது மண்ணுக்குள் இருக்கும் வேர் மட்டும்தான். ஆகவே கிரிப்ட் தன் சேமிப்பையெல்லாம் வேரிலும் அடித்தண்டிலும் வைத்திருக்கிறது; இலையைச் செலவழிக்கக்கூடியதாகவே நடத்துகிறது. அதன் உணவில் பெரும்பகுதி வேர் வழியாகப் போகிறது. எனவே குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு நல்ல மணல் வேண்டும், 7 இருந்தால் இன்னும் நல்லது. வேர் முழுவதும் உள்ளே, இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மணல் மட்டத்தில். வேர் மிக நீளமாக இருந்தால் 4, 5 செ.மீ. விட்டுக் கத்தரித்து நடலாம்.

கடையில் தேர்ந்தெடுப்பதிலும் இரண்டுக்கும் ஒரே கண் உதவாது. அனுபியாஸில் தண்டைப் பாருங்கள். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டும். எங்காவது மெத்தென்று அமுங்கினால், அல்லது முகர்ந்தால் அழுகல் வாடை வந்தால், இலை எவ்வளவு பளபளத்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். தண்டு உள்ளே அழுகிக்கொண்டிருக்கும்போதே இலை வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும். கிரிப்டில் இலையைப் பார்ப்பதே வீண், அது எப்படியும் போகப்போகிறது. வெள்ளையாக, உறுதியாக, அடர்ந்த வேர் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு விலைக் கட்டாகக் கிடக்கும் பத்துச் செடியைவிட வேர் நிறைந்த ஒரு சிறு தொட்டிச் செடி மேல். இரண்டிலும் தண்டு அல்லது வேரைப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்துக்கொள்கிறேன். கடையில் இவற்றை வைத்திருக்கும் அதே கண்ணாடித் தொட்டியில் சில சமயம் ‘லக்கி பாம்பூ’வும் சிங்கோனியமும் ஊதா நிற ஹெமிகிராஃபிஸும் நீர்ச்செடி என்று விற்கப்படுகின்றன. அவை தரையில் வளர்பவை. முழுக்க மூழ்கினால் சில வாரங்களில் அழுகி, நீரையும் கெடுக்கும். தொடக்கக்காரர்களில் பலர் ‘எனக்குச் செடி வராது’ என்று முடிவு கட்டுவது இவற்றால்தான். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

இனி, கிரிப்டின் இலை கரைந்துபோவது. இதைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

நட்டு நான்கைந்து நாள் ஆனதும் கிரிப்டின் இலையில் கண்ணாடி போன்ற திட்டுகள் தோன்றும். பிறகு இலை குழைந்து, தொட்டால் பிய்ந்து, ஒரு வாரத்துக்குள் சேறுபோல ஆகிவிடும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இதை ‘கிரிப்ட் மெல்ட்’ என்பார்கள். முதல் தடவை பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவோரும், செடி செத்துவிட்டது என்று பிடுங்குவோரும் உண்டு. நடப்பது வேறு. பண்ணைகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் ஈரக் காற்றில், நீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் படலமும் இலைத்துளைகளும் உண்டு. நீருக்குள் அவற்றால் பயனில்லை. நீருக்குள் வேலை செய்ய மெல்லிய வேறு இலை வேண்டும். கிரிப்ட் பழையதை ஒரேயடியாகக் கைவிட்டுப் புதியதைத் தொடங்குகிறது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் மணலை முட்டிக்கொண்டு சுருண்ட சிறு குருத்து வரும். அது உங்கள் நீரில், உங்கள் வெளிச்சத்தில் பிறந்த இலை, நிலைத்து நிற்கும்.

இந்த நாட்களில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கரைந்த இலைகளை அடியோடு கத்தரித்து எடுங்கள். விட்டால் நீரில் அம்மோனியா கூடும். வேரைத் தொடாதீர்கள். இடம் மாற்றாதீர்கள். வேர் உயிரோடு இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வேரூன்றிய பிறகும் பெரிய அளவில் நீர் மாற்றினாலோ, விளக்கைத் திடீரென்று மாற்றினாலோ, செடியைப் பிடுங்கி வேறிடத்தில் வைத்தாலோ மறுபடி கரையும். தொட்டியின் அலங்காரத்தை அடிக்கடி மாற்றிப் பார்க்க விரும்புகிறவருக்கு இது ஏற்ற செடியல்ல.

அனுபியாஸும் காற்றில் வளர்ந்தே வருகிறது. ஆனால் அது பழைய இலையை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஓர் இலை என்ற கணக்கில் மெல்ல மாறும். வந்த நாளிலிருந்தே அழகாக இருக்கும் என்பதே அதன் பெரிய கவர்ச்சி. அதன் பெரிய சிக்கலும் அங்கேதான். எது செய்தாலும் அது உடனே காட்டிக்கொடுப்பதில்லை. உரம் இல்லையா, சும்மா இருக்கும். வெளிச்சம் மிகுதியா, சும்மா இருக்கும், இலை மீது பாசி மட்டும் ஏறும். மெதுவாக வளரும் இலை நீண்ட காலம் ஒரே இடத்தில் நிற்பதால் பச்சைப் புள்ளிப் பாசிக்கும் கருந்தாடிப் பாசிக்கும் அது வசதியான தரை. தேய்த்தாலும் போகாத அந்தப் புள்ளிகளைக் கண்டு விளக்கு நேரத்தைக் குறைக்கும்போது பாதி இலை ஏற்கெனவே கெட்டிருக்கும். நெரைட் நத்தை சிலவற்றைத் துணைக்கு விடலாம். பச்சைப் புள்ளியை அவை சுரண்டித் தின்னும். மிகவும் மூடிய இலையை அடியில் வெட்டிவிடுவதே நல்லது.

வெளிச்சம் இரண்டுக்கும் மிதமாக, நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். டைமர் போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை. அனுபியாஸை விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் ஓரத்திலோ மரத்தின் நிழல் பக்கத்திலோ வையுங்கள். கிரிப்ட் வெளிச்சத்துக்கு ஏற்ப உருவம் மாற்றும். நல்ல வெளிச்சத்தில் குட்டையாகப் படர்ந்து பழுப்பும் சிவப்பும் ஏறும். மங்கலில் உயர்ந்து பச்சையாகும். கடையில் கண்ட நிறம் வீட்டில் இல்லையே என்று வருந்துவோர் செடியைக் குறை சொல்ல வேண்டாம், விளக்கைப் பார்க்கலாம்.

உரத்திலும் வழி பிரிகிறது. அனுபியாஸ் நீரிலிருந்து உண்பது அதிகம் என்பதால் அதற்குத் திரவ உரம், போத்தலில் எழுதிய அளவில் பாதி. மீன் உள்ள தொட்டியில் நைட்ரஜன் தானாகவே கிடைத்துவிடும். பொட்டாசியமும் இரும்பும்தான் குறையும். கிரிப்டுக்கு ரூட் டேப் என்னும் மாத்திரை உரத்தை வேரருகே ஆழமாகப் புதைக்க வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. விலை உயர்ந்த ‘அக்வாசாயில்’ மண் இதற்குக் கட்டாயமில்லை. நன்றாகக் கழுவிய ஆற்று மணலில் மாத்திரை உரத்தோடு கிரிப்ட் செழிக்கும். தொழுவுரம் கலந்த தோட்டத்து மண்ணை மட்டும் கீழே போடாதீர்கள். அதிலிருந்து வெளியேறும் அம்மோனியா மீனைக் கொல்லும்.

நீரின் தன்மையைப் பற்றிச் சென்னைக்காரர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். போர்வெல் நீர் கடினமானது என்பது உண்மை. ஆனால் இந்த இரண்டு செடிகளும் கடின நீரை நன்றாகவே தாங்கும். குழாய் நீரின் குளோரினைப் போக்கிவிட்டு வாரம் கால் பங்கு மாற்றினால் போதும். சூடுதான் நம்மூரின் சோதனை. இரண்டுக்கும் 22 முதல் 28 பாகை செல்சியஸ் இதமானது. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் தொட்டி நீர் 30ஐத் தாண்டும். அனுபியாஸ் வளர்ச்சியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். கிரிப்ட் மறுபடி கரையலாம். நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியை ஓட விட்டால் ஆவியாதலால் ஓரிரு பாகை இறங்கும். விளக்கையும் உச்சி வெயில் நேரத்தை விட்டு மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டும் செய்யாத ஒன்று இருக்கிறது. செடி வைத்தால் தண்ணீர் சுத்தமாகும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறவர்களை இவை ஏமாற்றும். மெதுவாக வளரும் செடி மீன் கழிவின் அம்மோனியாவை மெதுவாகத்தான் எடுக்கும். அந்த வேலைக்கு வேகமாக வளரும் வேலம்பாசிதான் சரி. பள்ளி ஆய்வகத்தில் புனலுக்குள் வைத்து, சோதனைக் குழாயில் ஆக்ஸிஜன் குமிழ் ஏறுவதைக் காட்டுவார்களே, அந்த ஹைட்ரில்லாதான். புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதம் ஒரு கொத்து வேலம்பாசியை மிதக்கவிட்டால் பாசிக்குப் போகும் சத்தை அது எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் நிதானமாகக் காலூன்றிய பிறகு எடுத்துவிடலாம். எடுத்ததை ஏரியிலோ கால்வாயிலோ எறிய வேண்டாம். கிரிப்டுக்கும் இதே விதி. இலங்கையிலேயே பிறந்த பெக்கெட்டி என்னும் இன்னொரு கிரிப்ட், அமெரிக்காவின் டெக்சாஸில் சான் மார்கோஸ் ஆற்றுக்குள் போய்ப் படர்ந்து, அதை அகற்ற அவர்கள் பாடுபட வேண்டியிருந்தது.

எதை முதலில் வாங்குவது? கோல்டுஃபிஷ் வளர்க்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அனுபியாஸ். மணலைக் கிண்டும் மீனிடம் கிரிப்ட் வேரூன்ற முடியாது. மணல் போடாத தொட்டி, அடிக்கடி வீடு மாறும் வாழ்க்கை, குஞ்சு பொரிக்கும் தொட்டி ஆகியவற்றுக்கும் அனுபியாஸ்தான். கல்லோடு தூக்கி வாளியில் வைத்து, அடுத்த வீட்டில் கல்லோடு இறக்கிவிடலாம்.

மற்ற எல்லோருக்கும் நான் கிரிப்டைத்தான் சொல்வேன், பெரும்பாலோர் இதற்கு மாறாகச் சொன்னாலும். தொடக்கக்காரருக்குத் தேவை, தான் செய்தது சரியா தவறா என்று அந்த வாரமே சொல்லும் செடி. கிரிப்ட் சொல்லும். புது இலை வெளிறினால் இரும்பு இல்லை. பழைய இலையில் ஊசித் துளை விழுந்தால் பொட்டாசியம் இல்லை. கரைந்தால் எதையோ திடீரென்று மாற்றியிருக்கிறீர்கள். திருத்தினால் புது இலையில் பதில் வரும். கெட்டதைக் காட்டிவிட்டு மீண்டு வரவும் தெரிந்த செடியிடம் கற்றுக்கொள்வது எளிது. அனுபியாஸ் காட்டுவதற்குள் மாதங்கள் போய்விடும். காட்டும்போது தண்டு பாதி அழுகியிருக்கும். அந்த நிலையிலும் கைவிட வேண்டாம். கூரிய கத்தியால் அழுகிய பகுதியை, விறைப்பான சதை தெரியும் வரை வெட்டி எறிந்தால், மூன்று இலை மிஞ்சிய துண்டுகூடப் பிழைக்கும்.

இரண்டையும் ஒன்றாக வைப்பவர் டிரிஃப்ட்வுட் மேல் அனுபியாஸைக் கட்டி, அதற்கு முன்னால் மணலில் கிரிப்டுகளை 7, 8 செ.மீ. இடைவெளியில் நடலாம். உயரம் பார்த்து நடுங்கள். நானா ஒரு சாண் எட்டாது, வென்ட்டி சில தொட்டிகளில் அதைத் தாண்டும். ஆறேழு மாதத்தில் கிரிப்ட் மணலுக்குள் ஓடுதண்டு விட்டுப் பக்கத்தில் குட்டி போடும். குட்டிக்கு நான்கைந்து இலை வந்ததும் ஓடுதண்டை நறுக்கி, குட்டியை மட்டும் வேரோடு எடுத்து வேண்டிய இடத்தில் நடுங்கள். தாய்ச் செடியைக் கிளறாதீர்கள். அனுபியாஸ் தண்டில் ஏழெட்டு இலை சேர்ந்தால் நடுவில் வெட்டி இரண்டாக்கலாம். வெட்டின இடத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய துண்டிலிருந்து புது நுனி முளைக்க ஒரு மாதத்துக்கு மேலாகும், அதையும் கல்லிலேயே கட்டி வையுங்கள்.